செட்டில் சத்தம் இல்லை

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் அலுவலகத்தில் எந்தச் செயலிகள் ஓடலாம் என்ற பட்டியலை நான் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். வியாழக்கிழமை எங்கள் படகு மாஸ்டர் சந்திரசேகர் அண்ணன் கடலில் இறந்தார்.

எங்கள் கம்பெனிக்கு மூன்று சரக்குப் படகுகள். அந்தமானில், போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே மாடியில் அலுவலகம். மாயாபந்தர் ஜெட்டியில் ஓர் அறை. அதற்கும் வடக்கே, ஏரியல் பேயில் ஒரு தகர ஷெட். மூன்று இடங்களுக்கும் இணையம் எங்கள் மாடியில் இருக்கும் ஒரே பெட்டி வழியாகத்தான் போய்வரும். அதுதான் ஃபயர்வால். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை எடுத்துக்கொடுத்தேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் எல்லாம் என்னிடம் வந்துவிட்டது. என் மேசை இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரியில் யாரோ கல்யாணப் பத்திரிகை என்று வந்த கோப்பைத் திறந்தார்கள். மூன்று நாள் புக்கிங் முழுவதும் பூட்டிக்கொண்டது. சென்னையிலிருந்து முதலாளிகளின் உத்தரவு வந்தது: இனி வேலைக்கு வேண்டிய செயலிகள் மட்டும். ஃபயர்வாலைச் சரிசெய்ய மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் விமானத்தில் போய்விட்டார்.

அவர் சொன்னது எளிமையானது. முன்பெல்லாம் கெட்டதைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். இப்போது நல்லதைப் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். பெயர் சொல்லாதது எல்லாம் மூடிக்கிடக்கும். முதல் ஒரு வாரம் எதையும் தடுக்காமல் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார், கூடவே எல்லாரிடமும் எழுதி வாங்கு, இரண்டையும் வைத்துப் பட்டியல் போடு என்றார்.

கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டார்.

"தடுக்கிறப்போ ரெண்டு விதமா தடுக்கலாம்மா. மறுத்துட்டோம்னு பதில் அனுப்பலாம். அப்போ அந்தப் பக்கம் சிவப்பா தெரியும், யாரைக் கேக்கணும்னு உங்க நம்பரும் வரும். இல்லைன்னா பதிலே அனுப்பாம கீழ போட்டுடலாம். அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு கிடக்கும். எது வேணும்?"

என் எக்ஸ்டென்ஷன் நம்பர் எல்லார் திரையிலும் வரும். எல்லாரும் கூப்பிடுவார்கள். எனக்குப் போனில் பேச வராது. வீட்டில் கேஸ் சிலிண்டருக்குக்கூட அத்தாதான் பேசுவார்.

"பதில் வேண்டாம் சார்" என்றேன்.

எழுதி வாங்குவதற்கு ஒரு தாள் தயாரித்து எல்லாருக்கும் அனுப்பினேன். 'உங்கள் வேலைக்குத் தேவையான செயலிகளை எழுதவும்.' மாயாபந்தரிலிருந்து ஒச்சப்பன் அண்ணன் எழுதியிருந்தது மூன்றே சொல். மெயில், டிக்கெட், செட்.

ஒச்சப்பன் அண்ணன் மாயாபந்தர் ஜெட்டி அறையைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். சுனாமிக்குப் பிறகு இவர் வடக்கே வந்துவிட்டார். செட் என்றால் வயர்லெஸ் செட். படகுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வயர்லெஸுக்கு இணையம் எதற்கு? பாவம், செயலி என்றால் என்னவென்று அண்ணனுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். மெயில், டிக்கெட் இரண்டையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவதை அடித்துவிட்டேன்.

அந்த ஒரு வாரத்துப் பதிவில் யூடியூப் பாதி. கிரிக்கெட், ரம்மி, ஒரு கல்யாணத் தகவல் செயலி. கீழே எங்கோ மைனாடாக் என்று ஒரு பெயர். வகை: பொழுதுபோக்கு. இரண்டு கருவிகள், ஒன்று மாயாபந்தர், ஒன்று ஏரியல் பே. வாரம் முழுவதற்கும் சேர்த்து அது இழுத்த டேட்டா ஒரு போட்டோ அளவுகூட வரவில்லை. யாருடைய தாளிலும் அந்தப் பெயர் இல்லை. அதுவும் மூடிய பக்கம் போனது.

திங்கட்கிழமை மதியம் சுகுணா அக்கா டிபன் டப்பாவோடு அலமாரிக்குப் பின்னால் வந்தார். சந்திரசேகர் அண்ணனின் மனைவி. சரக்கு புக்கிங் கவுண்டர் அவருடையது. அலுவலகத்தில் நான் சரளமாகப் பேசிய ஒரே ஆள். டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

"ஏண்டி சபா, பூனை மாதிரி இருந்துக்கிட்டு மொத்த ஆபீஸையும் பட்டினி போட்டுட்டியே. ரம்மி ஆடாம நம்ம கேஷியருக்குக் கை நடுங்குது, போய்ப் பாரு."

"உத்தரவுக்கா."

"உத்தரவாம். என் வீட்டுக்காரருக்கும் ஒரு பெட்டி மாட்டிவிடேன். நான் கோவத்துல பேசாம இருந்தா அவருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சரின்னு அர்த்தம். பேசாம இருந்தா சம்மதம்னு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. செட்டுக்காரப் புத்தி."

"செட்டுக்காரப் புத்தின்னா?"

"படகுல அப்படித்தானாம். ஏரியல் பேல இருந்து கிளம்புறப்போ செட்டுல, 'கிளம்புறேன், மௌசம் எப்படி?'ன்னு ஒச்சப்பன் அண்ணனைக் கேப்பாரு. காத்துமழை தெக்கேயிருந்துதானே வரும், மாயாபந்தர்ல முதல்ல தெரிஞ்சுடும். கராப்னா அவரு சொல்வாரு. நல்லா இருந்தா பேசவே மாட்டாரு. பத்து நிமிஷம் பாக்கிறது, சத்தம் இல்லைன்னா கயித்த அவுக்கிறது."

"ஏன், நல்லா இருக்குன்னு சொன்னா என்ன?"

"அந்தக் காலத்துல பேசினா செட்டுக்கு பேட்டரி தீர்ந்துடுமாம். அச்சா மௌசத்துக்கு எதுக்கு பேட்டரின்னு விட்டது. அப்படியே பழகிடுச்சு." அக்கா என் டப்பாவிலிருந்து மீனை எடுத்துக்கொண்டார். "வீட்டுலயும் பேட்டரி மிச்சம் பிடிக்கிறாரு மனுஷன்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை மதியம் போர்ட் பிளேரிலும் காற்று அடித்தது. ஜன்னல் கதவு ஒன்று கழன்று ஜெட்டிப் பக்கம் விழுந்தது. நாலரை மணிக்கு மேனேஜர் அலி அக்பர் சார் அறையிலிருந்து வெளியே வந்து சுகுணா அக்காவின் கவுண்டர் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'அவளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ' என்று கையால் காட்டினார்.

பாக்கு மூட்டைகளோடு வந்த படகு ஏரியல் பே வாயைத் தாண்டியதும் கவிழ்ந்திருந்தது. கூட இருந்த இரண்டு பேரை மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். சந்திரசேகர் அண்ணன் மூன்றாம் நாள் கிடைத்தார். முகத்தைப் பார்க்க அக்காவை விடவில்லை. சட்டையை மட்டும் காட்டினார்கள். அக்கா அந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அது மட்டும் வேறு நிறம், அவர் தைத்தது.

தப்பித்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மாஸ்டர் ஷெட்டிலிருந்து இறங்கி வந்து, "செட்டுல சத்தம் இல்ல, கிளம்பலாம்" என்றார்.

ஜூன் இருபத்தைந்து விசாரணை. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, வீடியோவில். அந்த வீடியோச் செயலி என் அனுமதிப் பட்டியலில் இருந்தது. மாயாபந்தரிலிருந்து ஒச்சப்பன் அண்ணன் திரையில் வந்தார். கேமராவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்ததால் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. நான் மூலையில் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அலி அக்பர் சார், சுகுணா அக்கா, இன்னும் சிலர்.

"மழை வர்றது உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?" என்றார் அதிகாரி.

"ரெண்டு மணி சார். கறுப்பா வந்துச்சு. உடனே சந்திராவைக் கூப்பிட்டேன். நாலு தடவை."

"போன்லயா?"

"போனுக்கு சிக்னல் இல்ல சார் அன்னிக்கு. செட்டுல."

"உங்க ஆபீஸ் செட் ரெண்டு வருஷமா ரிப்பேர்னு ரெஜிஸ்டர்ல இருக்கே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அது செத்துப்போச்சு."

"அப்போ எதுல கூப்பிட்டீங்க?"

"செட்டுலதான் சார்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த சேனல்?"

"சேனல் ஏது சார் அதுல. மஞ்சள் பட்டனை அமுக்கிப் பேசினா—"

"போதும்" என்றார் அதிகாரி.

சுகுணா அக்கா எழுந்தார். "குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே! ரெண்டு வருஷம் செத்த செட்டுல பேசினேன்னு ஏன் பொய் சொல்றீங்க? அவரு உங்களை நம்பித்தானே கயித்த அவுத்தாரு!"

திரையில் அந்தக் கண்கள் அக்காவைத் தேடின. பிறகு, "நான் குடிக்கிறதில்ல தங்கச்சி. ஒனக்குத் தெரியும்" என்றார்.

மைனாடாக்கின் பட்டன் மஞ்சள். அந்த வாரம் பதிவைப் பார்த்தபோது ஒருமுறை அதன் படத்தைப் பார்த்திருந்தேன். பெரிய மஞ்சள் வட்டம். அமுக்கிக்கொண்டு பேச வேண்டும், விட்டால் மறுபக்கம் கேட்கும். வயர்லெஸ் செட் மாதிரியே. செட் செத்த பிறகு அவர்கள் அந்தச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, அதையும் செட் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். என்னுடைய தாளில் ஒச்சப்பன் அண்ணன் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது.

விசாரணை முடிந்ததும் அலமாரிக்குப் பின்னால் போய் ஜூன் பன்னிரண்டின் பதிவைத் திறந்தேன். மாயாபந்தர், மைனாடாக், 14:03:20, தடுக்கப்பட்டது. 14:04:05, தடுக்கப்பட்டது. 14:04:51. 14:06:30. எண்ணினேன். பதினொரு வரிகள். நாலு தடவை என்று அவர் குறைத்துச் சொல்லியிருந்தார். ஏரியல் பேயிலிருந்து முதல் வரி, 14:02:11. அது சந்திரசேகர் அண்ணன் வானிலையைக் கேட்டது. அதுவும் தடுக்கப்பட்டது. அந்த ஷெட்டுப் போன் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பாதை தேடியிருக்கிறது. கடைசித் தேடல் 14:13:02. அத்தோடு சரி.

திரை சிவப்பாகியிருந்தால் இரண்டு பேரில் ஒருவராவது பார்த்திருப்பார். பதில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அலி அக்பர் சாரிடம் சொன்னேன். அவர் அத்தாவுக்குச் சிநேகிதர், ஒரே ஊர்க்காரர்கள். வேலை வாங்கிக்கொடுத்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை டீயைத் தொடவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல சார்."

"நீ தப்பு ஒண்ணும் பண்ணலம்மா. மேல இருந்து சொன்னாங்க, செஞ்சே. ஆனா இது காகிதத்துல வந்துச்சுன்னு வையி, கம்பெனியே படகை முடக்குச்சுன்னு ஆகும். லைசென்ஸ் போயிடும். இங்க நாப்பது பேரு இருக்காங்க. மௌத்தானவன் திரும்பி வரப்போறதில்ல." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அந்தப் பதிவு எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"முப்பது நாள் சார். அப்புறம் தானா அழிஞ்சுடும்."

"அப்போ நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்." குரல் மிகவும் அன்பாக இருந்தது. "பேசாம இரு. அதுபோதும்."

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமானது. இருந்தேன். தினமும் காலையில் வந்ததும் பதிவின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். மே மாதத்து நாட்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு ஜூன் ஒன்று, ஜூன் இரண்டு. எனக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜூலை பத்து, வியாழக்கிழமை, ஒச்சப்பன் அண்ணன் போர்ட் பிளேர் வந்தார். வேலைநீக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு கம்பெனிப் பொருட்களை ஒப்படைக்க வேண்டும். அக்கா அவர்மேல் எழுதிய புகாரைப் போலீசில் கொடுப்பதாகவும் பேச்சு. அக்கா சனிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். மின்பொருட்களை வாங்கிக்கொள்வது நான் என்பதால் அவரை என் மேசைக்கு அனுப்பினார்கள்.

நேரில் அவர் குள்ளமாக இருந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒப்படைப்புத் தாளில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சாவி இரண்டு. டார்ச் ஒன்று. ரெஜிஸ்டர் ஒன்று. செட் ஒன்று.

செட் என்று எழுதிவிட்டு ஒரு போனை மேசையில் வைத்தார். மழை படாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். உறை மங்கி, திரையில் மஞ்சளாக ஏதோ இருப்பது மட்டும் தெரிந்தது.

"புள்ள, ஒண்ணு கேக்கட்டா? படிச்ச புள்ள நீ. இதுல பேசினது உள்ளுக்குள்ள இருக்குமா?"

"பாக்கணும்ணே."

"இருந்தா அந்தத் தங்கச்சிகிட்ட குடு. நான் பொய் சொல்லல." ரப்பர் பேண்டைச் சரிசெய்தார். "சந்திரா ஒருநாளும் என் பேச்ச மீறினதில்ல. அன்னிக்கு என்ன அவசரமோ, கேட்டும் கேக்காத மாதிரி போயிட்டான். அந்தக் கோவத்துல அவன எடுக்கிற அன்னிக்குக்கூட நான் வரல. போய்ட்டான் பாரு நாய்ப்பயன்னு அறையிலயே உக்காந்திருந்தேன்."

தாளை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட வேண்டும். செட் ஒன்று, பெற்றுக்கொண்டேன், சபா.

போட்டேன்.

அவர் போன பிறகு உறையைக் கழற்றினேன். பதினொரு பேச்சுகளும் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னக் கடிகாரப் படம். இன்னும் போகவில்லை, காத்திருக்கிறது என்று அர்த்தம். முதல் ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டேன். மற்றவற்றைக் கேட்கவில்லை. பதிவின் அந்தப் பக்கத்தை அச்செடுத்தேன். பிரிண்டரில் காகிதம் சிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சுகுணா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒருவர் செருப்புகூட இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பு முதல் சில நாட்கள் வைக்க இடமில்லாமல் கிடந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாடி. பதினஞ்சு நாளாச்சு உன் முகத்தைப் பாத்து."

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. போனை எடுத்து முதல் பேச்சை ஓடவிட்டேன்.

காற்றுச் சத்தம். அதற்குள் ஒச்சப்பன் அண்ணன் குரல். "சந்திரா, கிளம்பாத. மௌசம் கராப். கறுப்பா வருது. கிளம்பாத."

அக்கா கையில் வெங்காயத்தோடு இருந்தார். நான் இரண்டாவதை ஓடவிட்டேன். மூன்றாவதில் அண்ணன் கத்தினார். ஆறாவதில் மழை தகரத்தில் விழும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "டேய், சுகுணாவுக்கு நான் பதில் சொல்ல முடியாதுடா" என்பது மட்டும் கேட்டது. பதினொன்றில் பேச்சு இல்லை. மூச்சு மட்டும்.

"இதுதான் செட்டா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"அப்போ ஏன் இவருக்குக் கேக்கல?"

அந்த இடத்தில் ஒரு வழி இருந்தது. சிக்னல் இல்லை என்று சொல்லலாம். எங்கள் தீவில் அதை யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ஒச்சப்பன் அண்ணன் பொய் சொல்லவில்லை என்றாகிவிடும். என் பெயர் எங்கும் வராது. நாளை பதிவும் அழிந்துவிடும். நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது.

"நான் தடுத்திருந்தேன்" என்றேன்.

காகிதத்தைக் கொடுத்தேன். அக்காவுக்கு அந்த வரிகள் புரியவில்லை. படிக்கச் சொன்னார். நேரம், இடம், செயலி, தடுக்கப்பட்டது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. இடையில் ஏரியல் பே வரிகள் வந்தன.

"இது யாரு?"

"அண்ணன். ரெண்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மௌசம் கேட்டிருக்காரு. அப்புறம் அந்தப் போன் தேடிக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு பதிமூணு வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"இல்ல. ஷெட்டைப் பூட்டிக் கரண்டை அணைச்சிருக்கணும்."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். "பதினோரு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடவே பாத்திருக்காரு."

நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். தாள், செட் என்ற சொல், பதில் வேண்டாம் என்று நான் சொன்னது, அலி அக்பர் சார் சொன்னது, பதினைந்து நாள் நான் பேசாமல் இருந்தது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"இதை யாருக்கு அனுப்பியிருக்கே?"

"இன்னும் யாருக்கும் இல்லக்கா."

"ஏன் முதல்ல என்கிட்ட வந்தே?" கோபம் இல்லாமல் கேட்டார். "போகட்டும் விடுடின்னு நான் சொல்லிடுவேன்னா?"

அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

அக்கா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வா என்றோ போ என்றோ உள்ளேயிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த மௌனத்துக்கு நான் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

தெருவுக்கு வந்து சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று, என் சொந்தப் போனிலிருந்து விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். பதிவு, பதினொரு குரல்கள், ஒச்சப்பன் அண்ணனின் தாள், என் பட்டியல். கீழே என் பெயரும் நம்பரும் போட்டேன்.

திங்கட்கிழமை என் கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அலி அக்பர் சார் அறையில் இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் குனிந்துகொண்டார். சுகுணா அக்காவின் கவுண்டரில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒச்சப்பன் அண்ணனை மறுபடி வேலைக்கு எடுப்பார்களா, தெரியாது. விசாரணை தொடரும் என்று ஒரு வரி பதில் மட்டும் வந்திருந்தது. அக்கா சனிக்கிழமை புகாரில் கையெழுத்துப் போடவில்லை என்று கேஷியர் சொன்னார். என்னைப் பார்க்கவும் அக்கா வரவில்லை.

இன்னும் ஒருவருக்கு நான் சொல்லவில்லை. ஜெட்டி ஓரம் போய் ஒச்சப்பன் அண்ணன் நம்பரை அழுத்தினேன். மணி ஒலித்தது, எடுத்தார்.

"அண்ணே, சபா பேசறேன். போர்ட் பிளேர்ல இருந்து."

"சொல்லு புள்ள. செட்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. நீங்க பேசினது எல்லாமே இருக்கு. நீங்க பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா—"

"ஆனா?"

"அது வெளியவே போகலண்ணே. நான் அதை மூடி வெச்சிருந்தேன். அதுதான் நீங்க எழுதின செட்டுன்னு தெரியாம. சந்திரசேகர் அண்ணனுக்கு ஒண்ணுகூடக் கேக்கல. அவரு உங்க பேச்சை மீறல. நீங்க பேசவே இல்லைன்னு நெனச்சு, பதினோரு நிமிஷம் பாத்துட்டுத்தான் கிளம்பியிருக்காரு."

மறுபக்கம் சத்தம் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இணைப்பு இருந்தது. மறுபடி காதில் வைத்துக்கொண்டேன்.

எதிரே ஒரு படகில் கயிற்றை அவிழ்த்தார்கள். அது பின்வாங்கி, திரும்பி, துறையை விட்டுப் போனது. ஒச்சப்பன் அண்ணன் பேசவில்லை. நான் போனை வைக்கவில்லை.